வளவும் வரைபடமும்

பேராதனையில் புறப்பட்டு, நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா என்று மலையையும் காட்டையும் கடந்து வரும் ஏ-5 வீதி செங்கலடிச் சந்தியில் வந்து முடிகிறது. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ-15 அதை அங்கே சந்திக்கிறது. வீதி ஒன்றுதான். ஆனால் அதன் மேல்முனையில் வீடு கட்டுகிறவரிடமும் கீழ்முனையில் வீடு கட்டுகிறவரிடமும் கேட்கப்படும் கேள்விகள் வேறு. பதுளைச் சரிவுகளில் அத்திவாரம் வெட்டுவதற்கு முன் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். செங்கலடியில் சரிவதற்கு மலை இல்லை. இங்கே கேள்விகள் வேறு திசையிலிருந்து வருகின்றன. காணி வயலா, மேட்டுநிலமா? உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? பெருந்தெருவின் ஒதுக்கு எதுவரை? வாவிக்கரைக்கோ கடற்கரைக்கோ எவ்வளவு தூரம்? இவை தீர்ந்த பிறகுதான் எத்தனை அறை, எந்தப் பக்கம் குசினி என்ற பேச்சு.

"பிளான் பாஸ் பண்ணியாச்சா?" என்பதுதான் ஊரில் இதற்குள்ள வழக்கு. அதைக் கேட்கிறவர்கள் வரைபடத்தைத்தான் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். கோப்பு தாமதிப்பது வரைபடத்தால் அல்ல. படவரைஞர் இரண்டொரு கிழமையில் அதைக் கீறிக் கொடுத்துவிடுவார். அந்த வரைபடம் எந்த நிலத்தில் நிற்கிறது, அந்த நிலம் யாருடையது என்பதைக் காட்டும் கடதாசிகள்தான் மாதங்களைத் தின்கின்றன. கட்டட அனுமதி என்று பெயர் இருந்தாலும் செங்கலடியில் அது பெரும்பாலும் காணி விசாரணையே.

இந்த ஏற்பாட்டின் வேர் மட்டக்களப்பில் இல்லை, கொழும்பில் இருக்கிறது. 1914 இன் தொடக்கத்தில் கொழும்பில் பிளேக் நோய் பரவியது. துறைமுகத்தை அண்டிய நெருக்கமான தெருக்கள், காற்றும் வெளிச்சமும் புகாத பின்கட்டுகள், எலிகள் குடியிருந்த தானியக் களஞ்சியங்கள் எல்லாம் திடீரென்று அரசாங்கத்தின் கண்ணில் பட்டன. அடுத்த வருடமே 1915 இன் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. நூறு வருடங்களுக்கு மேலாகியும் இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்கள் கட்டட அனுமதி வழங்கும்போது இந்தச் சட்டத்தையே கையில் வைத்திருக்கின்றன. அதன் 5 ஆம் பிரிவு சொல்வது எளிது: தவிசாளர் எழுத்தில் அங்கீகரித்த வரைபடத்தின்படி அன்றி எவரும் கட்டடம் எழுப்பக் கூடாது. 15 ஆம் பிரிவு, கட்டி முடித்த பிறகு சபையின் சான்றிதழ் கிடைக்கும்வரை காவற்காரரைத் தவிர வேறு எவரும் அதில் குடியிருக்கக் கூடாது என்கிறது. மீறினால் 13 ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் சென்று இடிப்பதற்குக் கட்டளை பெறலாம்.

சட்டத்தின் கவலை எதுவென்று பார்த்தால் அது பிறந்த இடம் விளங்கும். அறையின் அளவு, யன்னலின் பரப்பு, பின்புறத்தில் விடவேண்டிய வெளி என்று எங்கும் வெளிச்சமும் காற்றும்தான். பின்வெளியை அளக்க அந்தக் காலத்து நகரங்கள் 63½ பாகை என்றொரு கோணத்தை வைத்திருந்தன. 1894 இன் லண்டன் கட்டடச் சட்டத்தில் இருந்த அந்தக் கோணத்தை, பிளேக்கால் நொந்துபோன பம்பாயின் நகர மேம்பாட்டு அறக்கட்டளையும் எடுத்தாண்டது. கணக்காகச் சொன்னால், பின்னால் எத்தனை அடி வெளி விடுகிறீர்களோ அதன் இரண்டு மடங்கு உயரத்துக்குச் சுவர் எழுப்பலாம். சுவருக்குச் சுவர் முட்டும் நகரத்துக்கு இது மிகப் பொருத்தமான கணக்கு. மாவும் தென்னையும் நிற்கும் அரை ஏக்கர் வளவுக்குள் ஓலை வேய்ந்து, நான்கு பக்கமும் வெட்டவெளியோடு குடியிருந்த செங்கலடிப் பக்கத்து மக்களுக்கு அன்று இல்லாத நோய்க்கான மருந்து அது.

பிறகு அதன் மேல் அடுக்கடுக்காகச் சட்டங்கள் ஏறின. 1946 இல் நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டம். 1978 இன் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை. அது தன் பகுதி என்று வர்த்தமானியில் அறிவித்த இடங்களில் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் என்ற புதிய கடதாசி தேவைப்பட்டது. அதற்கான திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் 1986 மார்ச்சில் வந்தன. 35 வருடம் ஓடிய பிறகு 2021 ஜூலை 8 ஆம் திகதி 2235/54 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் புதிய விதிகள் வெளியாயின. இடையில் 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. ஆகவே வீடு கட்ட நினைக்கும் ஒருவர் முதலில் அறிய வேண்டியது, தன் காணி எந்தச் சட்டத்தின் எல்லைக்குள் கிடக்கிறது என்பதுதான். அறிவிக்கப்பட்ட நகர எல்லைக்குள் என்றால் ஒரு வழி. வெளியே என்றால் 1915.

செங்கலடியில் இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கே ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபையும் இருக்கிறது, ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகமும் இருக்கிறது. முதலாவது மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் உள்ளூராட்சி மன்றம். மற்றையது மத்திய அரசாங்கத்தின் கை. பக்கத்து ஏறாவூர் நகருக்கு இரண்டும் தனி: அங்கே நகர சபை, வேறொரு பிரதேச செயலகம். கட்டட அனுமதியைத் தருவது சபை. காணி யாருடையது என்று சொல்வது, அரச காணியென்றால், செயலகம். ஒரு கோப்பின் பெரும்பாலான நடை இந்த இரண்டு வாசல்களுக்கும் இடையில்தான்.

கோப்பைத் திறந்து பார்க்கலாம். மேலே சபையில் பணம் கட்டி வாங்கிய விண்ணப்பப் படிவம். அதன் கீழே வரைபடத்தின் பிரதிகள்: தரைப்படம், முன்தோற்றம், குறுக்குவெட்டு, மலசலகூடக் குழியின் படம், காணிக்குள் வீடு எங்கே நிற்கிறது என்று காட்டும் அமைவிடப் படம். பிறகு அனுமதி பெற்ற நில அளவையாளரின் நில அளவைப் படம், உறுதியின் பிரதி, சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, கிராம உத்தியோகத்தரின் கடிதம். காணி ஏ தர வீதியோரம் என்றால் கட்டட எல்லைக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சம்மதம். வயலென்று பதிவாகிய நிலம் என்றால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, ஒரு கூடை மண் கொட்டுவதற்கு முன்பே ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி. அதற்கான பயணம் கமநல சேவை நிலையத்தில் தொடங்குகிறது. இவற்றையெல்லாம் கட்டிக்கொண்டு சபைக்குப் போனால், தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் காணியைப் பார்க்க வருவார்கள். ஊர்ப் பேச்சில் ரீ.ஓ., பி.எச்.ஐ. முன்னவர் எல்லையை அளப்பார். பின்னவர் கிணற்றையும் குழியையும் பார்ப்பார். அவர்களுடைய குறிப்புடன் கோப்பு திட்டமிடல் குழுவுக்குப் போய்த் தவிசாளரின் கையெழுத்துக்கு வரும்.

நடைமுறையாக இதில் பெரிய குறையில்லை. உறுதியும் படமும் சுத்தமாக உள்ளவருக்கு இது சலிப்பான வேலைதானே தவிர முடியாத வேலையல்ல. உறுதி என்ற அந்த ஒரு கடதாசி இல்லாதவருக்குத்தான் முழுக் கோப்பும் கலைந்துவிடுகிறது.

சந்தியிலிருந்து ஏ-5 இல் மேற்கே திரும்பினால் சிறிது தூரத்தில் கறுத்தப்பாலம். போர்க்காலத்தில் அதுவே எல்லை; அதற்கு அப்பால் பங்குடாவெளி, இலுப்படிச்சேனை, கரடியனாறு என்று நீளும் ஊர்கள் 2007 வரை பெரும்பாலும் விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் இருந்தன. பிள்ளைகள் பிறந்தார்கள், கலியாணம் நடந்தது, வீடுகள் எழும்பின. செங்கலடியில் உள்ள சபையிடம் வரைபடம் கொடுத்து அனுமதி எடுத்துக் கட்டும் சூழல் அங்கே இருக்கவில்லை. 2007 இன் இடப்பெயர்வில் இருந்ததையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது கையில் உறுதி இல்லை, எல்லைக்கல் இல்லை, சில இடங்களில் வேலியைக் காட்டிச் சாட்சி சொல்ல அயலவரும் இல்லை. பதிவாகிய உறுதியென்றால் மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லாத காணிக்கு அந்த வழியும் கிடையாது. போனவரின் காணியில் பத்து வருடம் இருந்தவர் ஆட்சி உரிமை கோருவதைத் தடுக்க 2016 இல் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது வழக்காடுகிறவருக்கு உதவும், கட்டட விண்ணப்பம் எழுதுகிறவருக்கு அல்ல.

மேற்குப் பக்கத்தின் பெரும்பகுதி அரச காணி. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காணிக் கச்சேரி வைத்துக் கொடுத்த அனுமதிப்பத்திரங்கள், பின்னால் அவற்றிலிருந்து மாறிய ஜயபூமி, ஸ்வர்ணபூமி அளிப்புகள். பெர்மிட் காணியில் வீடு கட்டலாம். விற்கவோ ஈடுவைக்கவோ பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். பெர்மிட் தாத்தாவின் பெயரில் கிடக்கும், வீடு பேத்திக்கு என்றால் சபை முதலில் பெயர் மாற்றத்தைக் கேட்கும். அங்கிருந்து கோப்பு செயலகத்தின் காணிக் கிளைக்குப் போகிறது. அதற்கும் அப்பால் வன இலாகாவின் எல்லை, மகாவலி அதிகார சபையின் எல்லை, தொல்பொருள் திணைக்களம் தன்னுடையது என்று சொல்லும் குன்றுகள். கரடியனாற்றுப் பக்கத்துக் குசலான மலைச் சர்ச்சையும், மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய பண்ணையாளர் போராட்டமும் செய்தித்தாள்களில் அரசியலாக வந்தவை. அதே எல்லைக் கேள்விகள் ஒரு தனிக் குடும்பத்தின் விண்ணப்பத்தில் ஒரு வரிக் குறிப்பாக வந்து கோப்பை நிறுத்திவிடும், அது செய்தியாவதில்லை.

அரச காணியில் வீடு கட்ட அனுமதி என்பது வேறு நாடுகளிலும் கடினமானதே. பெருவைச் சேர்ந்த பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோவின் குழு அங்கே ஒருமுறை அதை அளந்து பார்த்தது. அரச நிலத்தில் வீடு கட்டுவதற்குச் சட்டப்படி அதிகாரம் பெற 6 வருடமும் 11 மாதமும், 52 அலுவலகங்களில் 207 படிகளும் ஆகும் என்று கண்டார்கள். டி சோட்டோ அதற்குச் சொன்ன மருந்து, எல்லோருக்கும் உறுதி கொடுத்துவிடுங்கள் என்பது. கேட்பதற்கு இனிப்பாக இருக்கும் அந்த மருந்து மட்டக்களப்பில் ஒரு இடத்தில் உடனே சிக்குகிறது: உறுதியை யார் பெயரில் எழுதுவது?

கீழ்க்கரையில் வீடு பெண்ணோடு போகிறது. மகள் கலியாணம் முடித்தால் வீடும் வளவும் அவளுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மூத்தவளுக்கு இருக்கும் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவில் இன்னொரு கொட்டிலோ கல்வீடோ போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள்; அது பின்னால் இரண்டாமவளுக்கு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பல பத்தாண்டுகள் இந்தக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஆராய்ந்து எழுதிய முக்கியமான விடயங்களில் இதுவும் ஒன்று. தாய்வழிக் குடியும் சீதன வீடும் இரு சமூகத்துக்கும் பொது. மகள் பிறந்த அன்றே ஒரு வீட்டுக்கான கணக்குத் தொடங்கிவிடுகிறது என்றால் மிகையில்லை. வயல் விளைந்த வருடம் அத்திவாரம், மத்திய கிழக்கிலிருந்து மகன் காசு அனுப்பினால் சுவர், முற்றாக்குவது கலியாணப் பேச்சு வரும்போது.

இந்தப் பழக்கத்தையும் அனுமதிச் சட்டத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்று இடத்தில் இடிக்கிறது.

முதலாவது பெயர். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பெர்மிட் காணியைத் துண்டாடுவதை விரும்பவில்லை. ஒருவருக்குப் பிறகு ஒருவர் என்று பின்னுரித்தாளரைக் குறிக்கச் சொன்னது. பெயர் குறிக்காமல் இறந்தால் மகள்களுக்கு முன் மகன்களை வைத்த அட்டவணை அதில் இருந்தது. வீடு பெண்ணுக்கு என்று வாழும் ஊரில், அரச காணி ஆணுக்கு என்று எழுதிய சட்டம் எண்பது வருடங்களுக்கு மேல் ஓடியது. 2022 இல்தான் திருத்தம் செய்து அந்தப் பாகுபாட்டை நீக்கினார்கள். சுனாமிக்குப் பிந்திய வீடுகளிலும் இதே சிக்கல் வந்தது. தாயின் சீதன வளவில் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பதிலாக வந்த வீடு பல இடங்களில் குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவனுக்கு எழுதப்பட்டது. பெண்கள் அமைப்புகள் கூட்டு உரிமை கேட்டன. மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் சுனாமிக்குப் பிந்திய வீடமைப்பையும் சீதனத்தையும் சேர்த்துப் பார்த்து 2010 இல் எழுதியது இந்தப் பின்னணியில்தான்.

இரண்டாவது நிலத்தின் அளவு. கால் ஏக்கர் என்பது 40 பேர்ச். நான்கு மகள்மார் என்றால், உள்ளே போக ஒழுங்கையும் விட்டுத் தலைக்கு எட்டு ஒன்பது பேர்ச் தேறும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 விதிகள் வீட்டுக் காணிக்குக் குறைந்தது 150 சதுர மீட்டர், ஏறக்குறைய 6 பேர்ச், வேண்டுமென்றன. ஆகவே கடதாசியில் நான்கு வீடும் கட்டலாம். இனிப் பி.எச்.ஐ. வருகிறார். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடி இருக்க வேண்டும் என்பது அவருடைய வழக்கமான கணக்கு. 6 பேர்ச் காணியைச் சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 40 அடி. மூலைக்கு மூலை இழுத்தால் 57 அடி. கிணறு ஈசான மூலையில், குழி அதற்கு நேர் எதிர் மூலையில் இருந்தால்தான் கணக்குச் சரிவரும். அப்போதும் அக்காளின் குழி தங்கையின் கிணற்றுக்கு ஏழெட்டு அடியில் வந்து நிற்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் இந்த மணல்நிலத்தில் கைகெட்டும் ஆழத்திலேயே தண்ணீர். குழியில் இறங்குவது கிணற்றுக்கு வர அதிக நாள் எடுக்காது. உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவரும் திட்டம் வந்த பிறகு, குழாய் போன ஊர்களில் இந்த நெருக்கடி தளர்ந்தது. போகாத ஊர்களில் சட்டத்தின் குறைந்தபட்சக் காணியும் சுகாதாரத்தின் குறைந்தபட்சத் தூரமும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

தண்ணீர் என்றதும் பெரிய புல்லுமலை நினைவுக்கு வரும். 2018 இல் அங்கே தண்ணீர்ப் போத்தல் தொழிற்சாலை ஒன்று எழும்பத் தொடங்கியபோது, நிலத்தடி நீர் வற்றிவிடும் என்று மக்கள் வீதிக்கு வந்தார்கள். செப்டெம்பரில் மாவட்டத்தில் கடையடைப்பும் நடந்தது. இதற்கு யார் அனுமதி கொடுத்தது என்பது அப்போது எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி. கட்டட அனுமதி என்ற சொல் இந்தப் பக்கத்தில் பொதுப் பேச்சாக மாறியது அரிதாகத்தான், அன்று மாறியது.

மூன்றாவது காலம். சபையின் அனுமதி வழக்கமாக ஒரு வருடத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். கட்டட ஒப்பந்தகாரரை வைத்து, வங்கிக் கடனில் எட்டு மாதத்தில் முடிக்கிறவருக்கு இது போதும். அத்திவாரம் ஒரு போகம், சுவர் இன்னொரு போகம் என்று கட்டுகிறவரின் வீடு அனுமதியை விட நீண்ட ஆயுள் கொண்டது. 2021 இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்துப் பை 2022 நெருக்கடியில் மூவாயிரம் ரூபா அளவுக்குப் போனபோது, அனுமதி இருந்தும் கட்ட முடியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். வீடமைப்பு அதிகார சபையின் மாதிரிக் கிராமங்களிலும், 2019 இன் ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு தவணைப் பணம் நின்றுபோய்ச் சுவரோடு நிற்கும் வீடுகளை மாவட்டம் முழுவதும் காணலாம். கட்டி முடிந்த வீட்டுக்குத்தான் இணக்கச் சான்றிதழ். முடியாத வீட்டுக்கு அது இல்லை. முடிந்த வீட்டுக்காரர்களும் அதை எடுக்கப் போவதில்லை என்பது வேறு கதை. வங்கியோ, காணி விற்பனையோ, வெளிநாட்டு விசாவுக்கான சொத்து மதிப்பீடோ வரும் நாளில்தான் அப்படி ஒரு கடதாசி இருப்பது நினைவுக்கு வரும்.

கிழக்கிலே அனுமதிச் சட்டம் மிகக் கண்டிப்பாக நின்றது ஒரே ஒரு காலத்தில். 2004 டிசம்பர் 26 இல் சவுக்கடி, தளவாய், களுவன்கேணிக் கரையைக் கடல் அடித்துச் சென்ற பிறகு, வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீட்டர். கடல் ஒன்றாக அடித்த தீவில் அளவுகோல் மட்டும் இரண்டாக இருந்ததற்கு நம்பும்படியான விளக்கம் எதுவும் மீனவர்களுக்குக் கிடைக்கவில்லை. எல்லைக்குள் வீடு இழந்தவர் வேறு இடத்தில் நிறுவனங்கள் கட்டும் வீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். எல்லைக்கு வெளியே இழந்தவர் தன் காணியிலேயே கட்ட இரண்டரை இலட்சம் ரூபா. ஒரு நூலளவு கோடு ஒரு குடும்பத்தின் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானித்தது. எதிர்ப்பு வலுத்ததும் அந்த எல்லை தளர்த்தப்பட்டு, கரையோர முகாமைத்துவத் திட்டத்தில் முன்பிருந்த தூரங்களுக்கே திரும்பினார்கள். இன்றைக்கும் 1981 இன் கரையோரம் பேணல் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். 2011 இன் திருத்தம் கடலோடு தொடுப்புள்ள வாவிகள், ஆறுகளின் கரையிலிருந்து 100 மீட்டரையும் உள்ளே கொண்டுவந்தது. வாவிக்கரையில் பரம்பரையாக இருக்கும் பலருக்குத் தாங்கள் கரையோர வலயத்தில் குடியிருக்கிறோம் என்பது கோப்பு திரும்பி வரும்போதுதான் தெரியவரும்.

இதற்கு நேரெதிர் உதாரணமும் உண்டு. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில், பயனாளியே முன்நின்று கட்டும் முறையில், ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணைகளாகக் கொடுத்தார்கள். குறைந்தது 550 சதுர அடி, இரண்டு அறை, குசினி, மலசலகூடம். மாதிரி வரைபடம் முன்கூட்டியே தயார். ஒவ்வொரு படியிலும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை. அத்திவாரம், யன்னல் மட்டம், வளை மட்டம், கூரை என்று படிப்படியாகப் பரிசோதிக்கும் இந்த முறை, 1915 சட்டம் செய்ய நினைத்ததை அதைவிட நன்றாகச் செய்தது. வீட்டைக் கட்டும் வேகத்தோடு பரிசோதனையும் நடந்தது. தனியாகக் கட்டுகிறவருக்கோ தொடக்கத்தில் ஒரு கையெழுத்து, முடிவில் ஒரு சான்றிதழ். நடுவில் மேசனாரும் ஆண்டவனும்தான்.

நடுவில்தான் வீடு பலமாவதும் பலவீனமாவதும். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி சுமார் 900 பேரைக் கொன்றது. ஓடுகளும் தகரமும் கடதாசியாகப் பறந்தன. 2011 ஜனவரி வெள்ளத்தில் கிழக்கை மையமாக வைத்துப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். முந்தானையாற்றுப் பக்கமும் வயல்வெளியும் ஒரே தண்ணீர்க்காடு. இந்த ஊருக்கு வரும் ஆபத்து காற்றும் வெள்ளமும். ஆனால் சாதாரண வீட்டு விண்ணப்பம் கேட்பது யன்னலின் பரப்பையும் எல்லையிலிருந்து சுவரின் தூரத்தையும். கூரைச் சலாகை சுவர் வளையத்தோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, தரை 2011 வெள்ள மட்டத்துக்கு எத்தனை அடி மேலே என்பவை அதில் முக்கியக் கேள்விகள் அல்ல. கொழும்பின் எலிக்குப் பயந்து எழுதிய சட்டத்தில் மட்டக்களப்பின் காற்றுக்கு இடம் இல்லாததில் வியப்பில்லை. அதன் பிறகும் அதைச் சேர்க்க யாரும் முனையாததுதான் குறை.

தமிழ்நாடு 2024 ஜூலை 22 இல் வேறு பாதையைத் திறந்தது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதன் மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர், விதிகளை மீறவில்லை என்று தாமே சான்று கொடுத்து இணையத்தில் உடனடியாக அனுமதி பெறலாம். முடிவுச் சான்றிதழ் தேவையில்லை. அலுவலக வாசலில் காத்திருப்பது ஒழிந்தது என்று வரவேற்றவர்கள் அங்கே பலர். செங்கலடிக்கு இதை அப்படியே கொண்டுவந்தால் என்னாகும்? பட்டாவும் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவும் கையில் உள்ளவருக்கு அந்தத் திட்டம் வசதி. இங்கே சிக்கல் அதற்கு முந்திய படியில் இருக்கிறது. பெர்மிட் பெயர் மாறாத காணிக்கு இணையப் படிவமும் அதே இடத்தில்தான் நிற்கும். முழுச் சுயசான்றை விட, இந்திய வீட்டுத் திட்டத்தின் இரண்டு அம்சங்கள் இந்த ஊருக்கு நெருக்கம்: சபையே அங்கீகரித்து வைத்திருக்கும் மாதிரி வரைபடங்கள், படிப்படியான பரிசோதனை. பத்து வருடத்தில் முடியும் வீட்டை இரண்டு அறை வீடு, பிறகு விறாந்தை, பிறகு மேல்மாடி என்று கட்டங்களாக அங்கீகரித்து, முடிந்த பகுதிக்குச் சான்றிதழ் கொடுக்கலாம். கிணறும் குழியும் தனித்தனிக் காணிக்கு அன்றி ஒரு வளவுக்குப் பொதுவாகத் திட்டமிடலாம். நான்கு அக்காள் தங்கைமாருக்கு ஒரு நல்ல கிணறு போதும், முன்பும் அப்படித்தான் இருந்தது.

இவற்றில் பலதும் துணைவிதிகளாலும் சபைத் தீர்மானங்களாலும் தொடங்கக்கூடியவை. அதற்குச் சபை இருக்க வேண்டும். 2018 இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச் 19 நள்ளிரவோடு முடிந்தது. தேர்தல் தள்ளித் தள்ளிப் போய் 2025 மே 6 இல்தான் நடந்தது. அந்த இரண்டு வருடமும் செயலாளர்களே கையெழுத்திட்டார்கள். கோப்புகள் நகர்ந்தன, சிலருடைய அனுபவத்தில் முன்பை விட வேகமாகவும் நகர்ந்தன, ஏனெனில் சிபாரிசு செய்ய உறுப்பினர் யாரும் இல்லை. ஆனால் செயலாளர் இருக்கும் விதியை நடைமுறைப்படுத்தலாம், புதிய விதி எழுத அவருக்கு ஆணை கிடையாது. 2025 இல் வந்த உறுப்பினர்களின் மேசைக்கு வரும் வரவுசெலவுத் திட்டத்தில் வடிகாலும் தெருவிளக்கும் நிச்சயம் இருக்கும். கரடியனாற்றுப் பக்கத்து ஊர்களுக்கு மாதத்தில் ஒருநாள் காணிக் கிளை, தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூவரும் ஒன்றாகப் போய் ஒரே மேசையில் கோப்புப் பார்ப்பதற்கு வாகனச் செலவும் எரிபொருளும் தவிரப் பெரிய நிதி எதுவும் தேவைப்படாது. நடமாடும் சேவை என்ற பெயரில் அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் செயலகங்கள் அதை ஏற்கெனவே செய்து வருகின்றன.